துவர்ப்பின் வயது

கல்கத்தாவின் இன்றைய வெப்பம் இத்தனை டிகிரி என்று பத்திரிகைகள் அச்சிடுகிறபோது அந்த எண் பெரும்பாலும் அலிப்பூர் வானிலை நிலையத்தில் குறிக்கப்பட்டதாகவே இருக்கும். ஆகையால், அந்த நிலையத்திற்கு நடைதூரத்தில் குடியிருந்துகொண்டு, அறையின் வெப்பநிலையில் பரிமாறுக என்று ஐரோப்பிய நூல்கள் விதித்திருக்கும் சிவப்பு ஒயினைப் பற்றி எழுத உட்காருகிறவனுக்கு, முதல் வாக்கியத்திலேயே அந்த விதியை மறுத்துரைக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. அந்நூலாசிரியர்கள் மனத்தில் கொண்ட அறை 16 முதல் 18 டிகிரி வரை இருக்கும் குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை; நம்முடையதோ மே மாதத்து மத்தியானத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே முப்பதைத் தாண்டி நிற்பது. அந்தச் சூட்டில் ஊற்றிய கனத்த ஒயின் தன் சாராயத்தைத்தான் முன்னால் அனுப்புமே ஒழிய, தன் குணத்தைக் காட்டாது. எனவே புட்டியை அரைமணி அல்லது முக்கால்மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்த பிறகு இந்த அத்தியாயத்தைத் தொடர்ந்து வாசிப்பது உசிதம்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது வாங்கிய வாரத்திலேயே குடித்து முடிக்கத்தக்க மெல்லிய ஒயின்களை அல்ல. போர்தோவின் காபர்னே, வட ரோன் பள்ளத்தாக்கின் சிரா, அதையே ஷிராஸ் என்று அழைக்கும் ஆஸ்திரேலியாவின் கனத்த ஒயின்கள், இத்தாலியின் பரோலோ முதலிய, புட்டியில் அடைபட்டு ஐந்து, பத்து, இருபது ஆண்டு கிடந்து பரிபாகம் அடையத்தக்கவற்றை. உலகத்தில் உற்பத்தியாகும் ஒயினில் மிகச் சிறிய பங்குதான் இந்த யோக்கியதை உடையது. ஆனால் வன்மையான ஒயின் எல்லாம் நெடுநாள் நிற்கும் என்றொரு அபிப்பிராயம் கடைக்காரர்களிடமும் வாங்குவோரிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. கறுத்திருப்பதும், நாக்கைப் பிடிப்பதும், தலைக்கு ஏறுவதும் ஆயுளுக்கு அடையாளங்கள் அல்ல. மாட்டுச் சந்தையில் கன்றைப் பார்க்கிறவன் அது இன்று எவ்வளவு துள்ளுகிறது என்பதையா கவனிக்கிறான்? சுழி பார்க்கிறான், குளம்பு பார்க்கிறான், எலும்பின் அமைப்பைக் கையால் தடவிப் பார்க்கிறான். இளம் சிவப்பு ஒயினை மதிப்பிடுகிறவனும் அந்தத் தொழிலைத்தான் செய்கிறான்.

அந்த எலும்புதான் துவர்ப்பு. இந்த விஷயத்தில் தமிழ் நாவுக்கு ஒரு பிறப்புரிமை உண்டு. மேனாட்டார் நாவின் சுவைகளை எண்ணும்போது துவர்ப்பைச் சேர்ப்பதில்லை. நாமோ அறுசுவையில் ஒன்றாக வைத்து அதற்குப் பெயரும் இட்டு, வாழைப்பூவிலும் பாக்கிலும் நெல்லிக்காயிலும் அதை விரும்பித் தேடிச் சுவைக்கிறோம். சாஸ்திரப்படி பார்த்தால் அது சுவையைவிட ஸ்பரிசத்தைச் சேர்ந்தது என்பது உண்மையே: திராட்சையின் தோலிலும் விதையிலும், ஓரளவு மரப்பீப்பாயிலும் இருந்து ஒயினில் இறங்கும் டானின் என்ற பொருள், உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வழவழப்பைப் போக்கிவிடுவதால், ஈறும் உள்கன்னமும் ஒன்றோடொன்று உரசுவதுபோல் தோன்றுகிறது. ஆனால் துவர்ப்பில் எத்தனை ஜாதி! கடுக்காயைக் கடித்தால் வாய் முழுவதும் சுருங்கி மரத்துப்போகிறது. மாதுளந்தோலின் துவர்ப்பில் கசப்பு கலந்திருக்கிறது. கொட்டைப்பாக்கு மெல்ல மெல்லத் துவர்ப்பு தணிந்து ஓர் இனிமைக்கு இடம்விடுகிறது. நன்றாகப் பழுத்த நாவற்பழத்தில் துவர்ப்பும் இனிப்பும் புளிப்பும் பிரிக்க முடியாமல் ஒன்றாகி, நாக்கில் ஊதாக் கறையையும் விட்டுச்செல்கின்றன. வங்காளிகள் ஜாம் என்று சொல்லும் அந்த நாவற்பழத்தைப் போன்ற வேறோர் ஆசிரியர் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. நல்ல இளம் காபர்னேயைக் குடிக்காதவனுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்க நேர்ந்தால், நான் ஆனி மாதத்தில் ஒரு கை நாவற்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருப்பேன்.

நாவைப் பழக்குவதற்குச் செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. அது கல்கத்தாவிலேயே பிறந்ததென்று சொல்லலாம். இந்நகரத்தில் தேயிலை ஏலம் 1861ஆம் ஆண்டு தொடங்கியது. ரா. நா. முகர்ஜி சாலையில் நீல்ஹாட் மாளிகை என்று இன்றும் அவுரி வியாபாரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடத்திலும், அதுபோன்ற தரகர் அறைகளிலும், வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து, ஓசை எழ உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பி, அடுத்த கிண்ணத்திற்கு நகரும் தேயிலைச் சோதகர்களின் வித்தை, ஒயின் சோதகரின் வித்தைக்குச் சற்றும் குறைந்ததன்று. காற்றோடு சேர்த்து உறிஞ்சுவதும், விழுங்காமல் துப்புவதும் இருவருக்கும் பொது. நீங்கள் வீட்டில் ஒரே தேயிலையை மூன்று நிமிடம், ஆறு நிமிடம், பத்து நிமிடம் என மூன்று கோப்பைகளில் ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஆறவிட்டு ருசித்துப் பாருங்கள். முதலாவதில் துவர்ப்பு சுறுசுறுப்பாக இருக்கும். மூன்றாவதில் கட்டையைப்போல் கிடக்கும். பிறகு மூன்றாவதில் ஒரு கரண்டி பால் விடுங்கள். பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ள, கடுமை மறைந்துபோவதைக் காண்பீர்கள். ஆட்டிறைச்சியோடு அருந்தும்போது துவர்ப்பு மிகுந்த ஒயின் ஏன் சாந்தமாகிவிடுகிறது என்பதும் அந்தக் கோப்பையிலேயே விளங்கிவிடும்.

ஒயின் முதிர்வது என்றால் என்ன? இளமையில் டானினும், தோலிலிருந்து வந்த நிறப்பொருள்களும் பெரும்பாலும் தனித்தனியாகத் திரிகின்றன. காலக்கிரமத்தில், தக்கையின் வழியே நுழையும் அற்பமான காற்றின் உதவியோடு, அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. கனம் மிகுந்தவை அடியில் மண்டியாகப் படிகின்றன. நாவற்பழ ஊதாவாக இருந்தது மாணிக்கச் சிவப்பாகி, பின் விளிம்பிலிருந்து செங்கல் நிறம் பரவுகிறது. வாயைப் பிடித்த துவர்ப்பு பட்டுப்போல் படிகிறது. பழத்தின் வாசனை பின்வாங்கி, உலர்ந்த அத்தி, புகையிலை, பதனிட்ட தோல், மழை நனைத்த மண், காளான் ஆகியவற்றின் வாசனைகள் மேலெழுகின்றன. நம்முடைய பழந்தமிழில் தேறல் என்ற சொல் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. தேறுதல் என்றால் தெளிதல். மண்டி கீழே படிய, மேலே தெளிந்து நிற்பதே தேறல். நிலத்தில் புதைத்தும் மூங்கிற்குழாயில் அடைத்தும் கள்ளை முதிரவைத்த செய்தியைச் சங்கப் புலவர்கள் சொல்கிறார்கள். யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தும் பாண்டியன் நன்மாறனைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு நமக்குக் காட்டுகிறது. அந்த யவனக் கலங்களின் உடைந்த துண்டுகள் புதுச்சேரிக்கருகில் அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. ஆக, தமிழன் ஒயினுக்குப் புதியவன் என்று யாரேனும் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை.

அலிப்பூரும் புதியதன்று. 1780ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் காலையில் வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிஸும் துப்பாக்கி ஏந்தி நேருக்குநேர் நின்ற இடம், இன்று தேசிய நூலகத்துக்கு உரியதாயிருக்கும் பெல்வெடியர் மாளிகையின் அருகாமையில்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயர் கல்கத்தாவில் குடித்த கிளாரெட்டின் அளவை, இங்கே வழக்கறிஞராயிருந்த வில்லியம் ஹிக்கி தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவுமறைவின்றி எழுதிவைத்திருக்கிறார். போர்தோவிலிருந்து வந்த அந்தச் சிவப்பு ஒயினுக்கு லால் ஷராப் என்ற இந்துஸ்தானிச் சொல்லையே அவர்கள் சிதைத்து வழங்கினார்கள். புட்டியை வெடியுப்புக் கரைத்த நீரில் சுழற்றிக் குளிரவைப்பதற்கென்றே ஆப்தார் என்ற வேலைக்காரன் ஒருவன் இருந்தான். 1833ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து பிரெடரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டிக் கப்பல் ஹூக்ளியில் வந்து சேர்ந்த பிறகு ஆப்தாரின் மதிப்புக் குறைந்துபோயிற்று. சென்னைக் கடற்கரையில் நாம் ஐஸ்ஹவுஸ் என்று இன்றும் சொல்லும் கட்டடம் அதே வியாபாரத்தின் மிச்சம். ஆனால் அந்த நாட்களில் வெப்பத்திற்கு அஞ்சாமல் நின்றது கிளாரெட்டன்று, மதேய்ரா. சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட அந்த ஒயின் பூமத்திய ரேகையைக் கடந்து வெயிலில் புழுங்கிப் பயணம் செய்ததால் மேன்மையடைகிறது என்று கண்டுபிடித்து, வேண்டுமென்றே அதைக் கப்பலேற்றி இந்தியாவுக்குச் சுற்றியனுப்பினார்கள். அக்கினிப் பரீட்சையில் தேறுவது எல்லா ஒயினுக்கும் வாய்ப்பதில்லை என்பதை இந்நகரம் அப்போதே அறிந்திருந்தது. அறிந்ததை மறந்தவர்களில் அடியேனும் ஒருவன்.

பல ஆண்டுகளுக்குமுன் வெளிநாட்டிலிருந்து வந்த சினேகிதர் ஒருவர் எனக்குப் பரிசளித்த நல்லதொரு போர்தோவை, முதிரட்டும் என்ற சங்கற்பத்தோடு, புத்தக அலமாரியின் மேல்தட்டில் ஆறு வருஷம் வைத்திருந்து, ஒரு பொங்கலன்று பக்கத்து வீட்டு வங்காளிக் கனவானை அழைத்துத் திறந்தேன். தக்கை நகக்கனம் மேலெழும்பியிருந்ததும், அதன் ஓரமாகப் பிசுபிசுப்பான கோடு ஒன்று இறங்கியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டன. கிண்ணத்தில் விழுந்தது பழுப்பு நிறத் திரவம்; அதன் வாசனை, உலர்ந்த திராட்சையை வெல்லப்பாகில் போட்டு அடிப்பிடிக்க விட்டதுபோல் இருந்தது. "பேஷ் பாலோ, மஷாய்!" என்றார் அவர். நம்முடைய பேஷைவிட அவர்களுடைய பேஷ் தயாளகுணம் மிகுந்தது. ஆறு வருஷம் நான் முதிர்ச்சி என்று எண்ணிப் பாதுகாத்தது வெறும் மூப்பு.

இந்த இரண்டையும் பிரித்தறிவதே இவ்வத்தியாயத்தின் முக்கியமான பாடம் என்பதால் சற்று நிதானித்துச் சொல்கிறேன். முதிர்ந்த ஒயினில் பழம் குறைந்திருந்தாலும் புளிப்பு உயிரோடிருக்கும்; வாசனைகள் பல அடுக்குகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும்; செங்கல் நிறம் விளிம்பில் தோன்றி நடுவில் இன்னும் சிவப்பு மிஞ்சியிருக்கும். வெந்துபோன ஒயினில் எல்லா வாசனையும் ஒரே பாகு வாசனையாகக் கூடிவிடும். நடுவும் விளிம்பும் ஒரே பழுப்பாயிருக்கும். விழுங்கிய பின் ஒன்றும் நிற்காது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. 13 டிகிரியில் பத்தாண்டில் நடக்க வேண்டியது 33 டிகிரியில் இரண்டரை ஆண்டில் நடந்துவிடும், அதனால் நமக்கு இலாபந்தானே என்று நினைக்கிற புத்திசாலிகளும் உண்டு. எல்லா மாற்றங்களும் ஒரே விகிதத்தில் விரைவதில்லை, வேண்டாதவை முந்திக்கொள்கின்றன. மாங்காயைப் புகைபோட்டுப் பழுக்கவைத்தால் நிறம் வருகிறது, மணம் வருகிறதா?

இனிச் சுவைக்கும் முறை. அலிப்பூரில் இதற்கு உகந்த பருவம் டிசம்பர், ஜனவரி. உகந்த வேளை, காலை பத்து பதினொரு மணி, பசி எடுக்கத் தொடங்கி இன்னும் சாப்பிடாத நேரம். மழைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. ஏனென்றால், தக்கையில் உண்டாகும் ஒருவகைக் கேட்டினால் ஒயினில் ஈரப் பத்திரிகைக் காகிதத்தின் பூஞ்சை வாசனை ஏறுவதுண்டு. ஆடி ஆவணியில் நம் அலமாரியும் புத்தகமும் தலையணையும் அதே வாசனை வீசுவதால், குற்றம் புட்டியினுடையதா வீட்டினுடையதா என்று தீர்மானிக்க முடியாமற் போகிறது. ஊதுவத்தி, பினாயில், மல்லிகைச் சரம் மூன்றும் அன்றைக்கு அந்த அறையில் கூடாது. கிண்ணம் அடி அகன்று வாய் குறுகியதாக இருக்க வேண்டும். மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. நாவைத் துடைக்க ரொட்டித் துண்டு என்று நூல்கள் சொல்லும். நான் உப்பிடாத முடி வைத்துக்கொள்வேன், அதாவது நம் ஊர் அரிசிப்பொரி. அதைவிட நிஷ்பட்சமான பதார்த்தம் கிடையாது.

கிண்ணத்தை வெள்ளைத் துணியின்மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். நிறம் வயதைச் சொல்லும், ஆனால் இனத்தையும் கேட்டுக்கொண்டுதான் சொல்லும்: பரோலோவின் நெபியோலோ திராட்சை இளமையிலேயே வெளிறிச் செங்கல் நிறம் காட்டும், அதை நோஞ்சான் என்று எண்ணி வாயில் விட்டவர்கள், அதன் துவர்ப்பு ஈறைப் பிடித்த மாத்திரத்தில் தம் தவற்றை உணர்வார்கள். கிண்ணத்தின் உட்சுவரில் வழியும் கோடுகளைக் கண்டு வியப்பது வேண்டாம். அவை பெரும்பாலும் சாராயத்தின் அளவைத்தான் காட்டும். பிறகு, சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். பழம் எது, மரப்பீப்பாய் எது என்று பிரித்துப் பார்ப்பது இங்கே பிரதானம். அமெரிக்க ஓக் மரத்துப் பீப்பாயில் கிடந்தது பச்சைத் தேங்காய்த் துருவல்போல் மணப்பதைத் தமிழர் யாரும் தவறவிட மாட்டார்கள். பிரெஞ்சு ஓக் கிராம்பையும் புகையையும் நினைவூட்டும். உட்புறம் தீயில் வாட்டப்பட்ட புதுப் பீப்பாய், மார்கழியில் கல்கத்தாக் கடைவீதியில் வரும் நலென் குடம் என்ற ஈச்சவெல்லத்தின் கருகிய இனிமையைக் கொடுக்கும். கறுப்புத் திராட்சை, செர்ரி வகைகளின் பெயர்களை ஐரோப்பிய நூலிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் மூக்கு எதைச் சிறுவயதில் முகர்ந்ததோ அதையே குறித்துக்கொள்ளுங்கள்.

வாயில் விட்டபின் நான்கு பொருள்களைத் தனித்தனியே தேட வேண்டும்: துவர்ப்பு, புளிப்பு, பழச்சாரம், சாராயம். துவர்ப்பு முதிர்ந்த விதையினதா பச்சை விதையினதா என்பது முதற்கேள்வி. பழுத்த பன்னீர் திராட்சையின் பழுப்பு விதையையும் செங்காயின் பச்சை விதையையும் அடுத்தடுத்து மென்று பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆயுளுக்கும் மறக்காது. பச்சைத் துவர்ப்பு எத்தனை வருஷம் கிடந்தாலும் இனிதாவதில்லை, சுற்றியிருக்கும் பழம் செத்த பிறகும் அது மட்டும் எலும்புக்கூடாக நிற்கும். புளிப்பைக் காண, துப்பிய பின் தலையைச் சற்றுக் குனிந்திருங்கள். வாயூறி உமிழ்நீர் முன்பக்கம் பெருகினால் புளிப்பு போதுமானது. ஆயுளைக் காப்பதில் துவர்ப்புக்கு இணையான பங்கு இதற்கு உண்டு. ஊறுகாய் போடுகிற பாட்டிமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாராயம் தொண்டையில் சூடாகத் தனித்துத் தெரிந்தால் அது குறை. கடைசியாக, விழுங்கியோ துப்பியோ ஆன பின் வாசனை வாயில் எத்தனை விநாடி நிற்கிறதென்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர் ஒரு விநாடிக்கு ஒரு கொதாலி என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். பத்துக்குமேல் போனால் கவனத்துக்குரியது; ஆனால் நிற்பது பழத்தின் வாசனையா, வெறும் துவர்ப்பும் எரிச்சலுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னதை நீளம் என்று எண்ணி மதிப்பெண் போடுகிறவர்கள் அனேகம்.

இளமையில் இந்த நான்கும் ஒன்றோடொன்று சண்டையிடுவது இயல்பு; சண்டையில் சமபலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழக்கப்பட்ட நாக்கும் இதில் சறுக்கும். ஆஸ்திரேலியாவில் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் ஷூபர்ட், 1950ஆம் ஆண்டு போர்தோவைப் பார்த்துவந்து, தம் நாட்டு ஷிராஸ் திராட்சையில் நெடுநாள் நிற்கும் ஒயின் செய்யத் துணிந்து, 1951ஆம் ஆண்டு கிரேஞ்ச் என்பதன் முதற்படியை உருவாக்கினார். வாய் கொள்ளாத அந்த இளம் ஒயினை ருசித்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957இல் நிறுத்திவிடும்படி மேலிடம் கட்டளையிட்டது. அவர் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் மறைவில் செய்துவைத்தார். அதற்குள் முந்தைய புட்டிகள் முதிர்ந்து தாங்களே சாட்சி சொல்ல, 1960இல் தடை நீங்கிற்று. இதே பாடத்தின் மறுபக்கம் பாரிஸில் நடந்தது: 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்த பெயர் மறைத்த சோதனையில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973ஐ போர்தோவின் பெரும்புள்ளிகளுக்கு மேலாக வைத்துவிட, அந்த ஒயின்கள் இளமையில் மயக்குமே தவிர நிலைத்து நிற்கா என்று தோற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள். சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே சிவப்பு ஒயின்களைத் திறந்து ருசித்தபோது முதலிடம் பெற்றது ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971, அதுவும் கலிஃபோர்னியாவே.

நம் நாட்டு ஒயின்களை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் கொள்ள வேண்டும். நாசிக்கிலும் நந்தி மலையடியிலும் கொடி உறங்குவதே இல்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்து, மழை ஓய்ந்தபின் காய்க்கவிட்டு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். பழம் பழுக்கும் கடைசி வாரங்களில் வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்கிவிடும் என்பதால், ஆயுளைத் தரும் அந்தப் பொருளைக் காப்பாற்றுவதே இங்குள்ள ஒயின்காரரின் ஓயாத கவலை. கன்வல் குரோவர் 1988ஆம் ஆண்டு பெங்களூருக்கருகில் நிறுவிய தோட்டத்துக்கு போர்தோவின் மிஷெல் ரோலான் ஆலோசகராக இருந்தார். அதன் லா ரிசர்வ், நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலாவின் ராசா ஷிராஸ், சோலாப்பூர்ப் பக்கத்து ஃப்ராடெல்லியின் செட்டே ஆகியவை பீப்பாயில் கிடந்து வரும் கனமான சிவப்புகள். என் அபிப்பிராயம், இவற்றை நல்ல குளிரில் வைத்தாலும் ஏழெட்டு வருஷத்துக்குமேல் சோதிக்க வேண்டியதில்லை. நான்காம் ஐந்தாம் வருஷத்தில் அவை காட்டும் மலர்ச்சிக்கு அந்தப் பொறுமையே போதும். கற்றுக்கொள்கிறவனுக்கு இவற்றைவிடச் சிக்கனமான பள்ளிக்கூடமும் இல்லை: ஒரே ஆண்டின் புட்டிகள் மூன்று வாங்கி, ஒன்றை இன்றும், ஒன்றை மூன்றாம் வருஷமும், ஒன்றை ஆறாம் வருஷமும் திறந்து, குறிப்பேட்டின் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால், நூறு புட்டியை உடனே குடித்தவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடும். மதிப்பெண் இருபதுக்கா நூறுக்கா என்ற விவாதத்தில் எனக்குச் சிரத்தை இல்லை. இப்போது எப்படி, எதுவரை வைக்கலாம் என்ற இரண்டு வரிகளை எழுதாத எண்ணால் பயன் என்ன?

எஃப்.எல். ஆஃப் ஷாப் என்று பலகை தொங்கும் கடைகளில் வாங்கும்போது, கண்ணாடி ஜன்னலோரத்தில் விளக்குக்குக் கீழே நிற்கும் புட்டியை எடுக்காதீர்கள். உள்ளேயிருந்து எடுத்துத் தரச்சொல்லி, ஒயின் கழுத்துவரை நிற்கிறதா, மூடியின் தகடு தட்டையாக இருக்கிறதா, தக்கை உந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் 12 முதல் 14 டிகிரி வரை காக்கும் ஒயின் பெட்டி இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால், தடித்த சுவர்களுள்ள பழைய அலிப்பூர் பங்களாவின் மாடிப்படி இருட்டு போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்; நான்கு டிகிரிக் குளிர்பெட்டியின் அடித்தட்டே மேல். அங்கே முதிர்ச்சி உறங்கிவிடும் என்பது மெய்தான். ஆனால் உறங்குகிறவனை எழுப்பலாம், வெந்தவனை எழுப்ப முடியாது. புட்டியைப் படுக்கவைத்து, இந்த ஊர் ஈரம் பெயர்த்தாளை அரித்துவிடும் என்பதால் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கழுத்தில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறந்து பார்க்கும் சபலத்தை அடக்குவது அவசியம்.

முதிர்ந்த புட்டியைத் திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து மண்டி இறங்கவிட்டு, மறுநாள் மெழுகுவர்த்தியையோ கைவிளக்கையோ கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மெல்லச் சாய்த்து வேறு குடுவைக்கு மாற்றுங்கள். கலங்கல் கழுத்தை எட்டும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். மிக முதிர்ந்ததை மாற்றியவுடன் பரிமாறுக. இளையதை இரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். அன்றைய சாப்பாட்டில் இலிஷ் மீன் இருந்தால் இந்த ஒயினைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்து வாயில் தகரத்தை நக்கியதுபோல் ஆகிவிடும். மெதுவாக வறுத்துச் சுண்டவைத்த கொஷா மாங்ஷோ என்ற ஆட்டுக்கறிக்கு இதுவே ஜோடி, மிளகாயை மட்டும் சமையற்காரர் சற்று அடக்கிக்கொண்டால். இளம் புட்டியானால் கால்பங்கை மிச்சம்வைத்துத் தக்கையை இறுக்கிக் குளிர்பெட்டியில் விட்டுவிட்டு மறுநாள் இரவு ருசித்துப் பாருங்கள்: முதல்நாளைவிடத் திறந்து மணத்தால் அதன் உடன்பிறப்புகளை இன்னும் சில வருஷம் வைக்கலாம், சப்பென்று போயிருந்தால் மீதிப் புட்டிகளை இந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். அடியில் தங்கிய மண்டியைக் கொட்ட வேண்டாம். மெல்லிய துணியில் வடித்து, அடுத்த நாள் கறியில் வெங்காயம் சிவந்துவரும் சமயத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.